வெள்ளிக்கிழமை உப்பு

எழுபதுகளின் பிற்பாதியில், சிங்கப்பூரின் பூன் லேயில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் நாங்கள் நான்கு வீரர்கள் இருந்தோம். வீரம் எதில் என்று கேட்காதீர்கள். வேலை முடிந்து வந்து, குளித்து, கைலியைக் கட்டிக்கொண்டு, கட்டடத்தின் அடியில் தூண்களுக்கு நடுவே திறந்து கிடக்கும் இடத்துக்கு இறங்கிக் கேரம் பலகையின் முன்னால் உட்கார்ந்துவிட்டால், எங்களை வெல்ல ஜூரோங் வட்டாரத்தில் ஆள் கிடையாது. இது நாங்களே எங்களுக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம். மறுத்துப் பேச யாரும் வராததால் அது நிலைத்துவிட்டது.

நான்கு பேரையும் சொல்லிவிடுகிறேன். நான் கப்பல் பட்டறையில் கருவிகள் வைக்கும் ஸ்டோருக்குப் பொறுப்பாளன். சுத்தியலோ ஸ்பேனரோ, எதுவானாலும் என் ஜன்னலுக்கு வந்து கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் எதற்கெடுத்தாலும் ஒரு பட்டியல் போடாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. இரண்டாமவர் அதே பட்டறையில் வெல்டர். ஆறடி உயரம், கதவை அடைக்கிற தோள், மாதா கோயில் பாடகர் குழுவில் அடிக்குரல். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசிவிட்டால் அவருக்கே கூச்சமாகிவிடும். மூன்றாமவர் தபால்காரர். நான்காமவர் பஸ் ஓட்டுநர். பயணிகளோடு பேசக் கூடாது என்ற விதியைப் பகல் முழுக்கக் கடைப்பிடித்துவிட்டு, சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் சாயங்காலம் எங்கள் தலையில் கொட்டுவார்.

நால்வரும் ஐந்தாவது மாடியில், ஒரே நீளத் தாழ்வாரத்தில் குடியிருந்தோம். தாழ்வாரத்தின் கடைசி வீட்டில் ஒரு கிரேன் ஓட்டுநரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்தப் பெண்ணை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை ஒரு சின்னச் சில்லில் இணைக்க வேண்டும். கை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சில்லு குப்பைக்குப் போய்விடும். அவள் கை நகராது. வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருஷத்தில் அவள் வரிசையில் அவளைப்போல ஆள் இல்லை என்று பேர் எடுத்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை அவள் வலது கண் வீங்கி மூடிக் கிடந்தது. "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றாள். இரண்டு மாதத்தில் அது மூன்றாவது கதவு. இன்னொரு தடவை இப்படிக் கண்ணை வைத்துக்கொண்டு வந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டாராம். லிஃப்டுக்குக் காத்திருக்கையில் என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் என் மனைவி கீழே இறங்கி வந்தாள். கேரம் பலகையின் பக்கம் அதுவரை அவள் வந்ததே இல்லை. வந்தவள் பலகையின் நடுவில் இருந்த ஸ்டிரைக்கரை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"கடைசி வீட்டுப் பொண்ணு கத்துறது அஞ்சாவது மாடி முழுக்கக் கேக்குது. உங்க நாலு பேருக்கு மட்டும் காதுல பவுடர் அடைச்சிருக்கா?"

பஸ் ஓட்டுநர்தான் முதலில் வாயைத் திறந்தார். அவருக்கு அது எப்போதும் திறந்துதான் இருக்கும். "அது புருஷன் பொண்டாட்டி விஷயம் அண்ணி. அடிக்கிற கைதான் அணைக்கும்னு பெரியவங்க சும்மாவா..."

"அணைக்கிறதுக்கு அடிச்சு அடிச்சுத்தான் பழகணுமா? உங்க பஸ்ஸுல ஒருத்தன் ஒரு பொண்ணை அடிச்சா, அவங்க விஷயம்னு பெல்லுக்குப் பெல் நிறுத்தி ஓட்டிட்டுப் போவீங்களா?"

ஓட்டுநர் வாய் மூடிக்கொண்டதை நான் பார்த்தது அன்றுதான். "நாங்க என்னம்மா பண்றது?" என்று கேட்டேன்.

"நான் போய்ச் சொன்னா, பொம்பளை உனக்கென்ன வேலைன்னு கேப்பாரு. ஆம்பளை சொன்னாத்தான் அவருக்குக் காது கேக்கும். இங்க நாலு ஆம்பளை இருக்கீங்களா இல்லையா, அதை முடிவு பண்ணுங்க. யாராச்சும் ஒருத்தர் அவரு மூஞ்சிக்கு நேரா 'அடிக்காதே'ன்னு சொல்ற வரைக்கும் இது என்கிட்டயே இருக்கும்." ஸ்டிரைக்கரோடு லிஃப்டில் ஏறிப் போய்விட்டாள்.

நாங்கள் கூடிப் பேசினோம். பூனைக்கு யார் மணி கட்டுவது? கிரேன்காரர் தன் மனைவிக்கு உறவு என்று தபால்காரர் அன்றுதான் கண்டுபிடித்தார். நான் வேறு வீடு பார்த்துப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். கப்பலின் வயிற்றுக்குள் நெருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிற வெல்டருக்குக்கூட, ஒரு மனிதனிடம் போய் உன் மனைவியை அடிக்காதே என்று சொல்ல நாக்கு எழவில்லை. எங்களுக்கு அவர்மேல் பயமில்லை. அவர் திருப்பி, "நீ யார் கேக்குறதுக்கு?" என்று கேட்டால் சொல்ல எங்களிடம் பதில் இல்லை. அதற்குத்தான் பயந்தோம்.

வெகுநேரம் கழித்து வெல்டர் சொன்னார். "கதவைத் தட்டலாம்."

"தட்டி?"

"ஏதாச்சும் கடன் கேக்கலாம்."

நாங்கள் அவரைக் கட்டிப் பிடிக்காத குறை. எவ்வளவு அழகான யோசனை! வாசலில் பக்கத்து வீட்டுக்காரன் வந்து நின்று இட்லித் தட்டு கேட்கும்போது எவனாலும் கையை ஓங்க முடியாது. யாரும் எதுவும் சொல்லவும் வேண்டாம். நான் உடனே காகிதம் எடுத்து டியூட்டி லிஸ்ட் போட்டேன். திங்கள் நான், செவ்வாய் தபால்காரர் என்று ஆளுக்கு ஒரு நாள், சில பேருக்கு இரண்டு. டியூட்டியில் இருப்பவர் சாயங்காலம் தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். சத்தம் கேட்டால் போய்த் தட்டிச் சாமான் கேட்க வேண்டும். குறைந்தது பத்து நிமிஷமாவது அங்கே உட்கார வேண்டும். இந்தப் பத்து நிமிஷ விதி நான் போட்டது. பட்டறை ஸ்டோரில் ஒருவன் கோபத்தோடு வந்தால், கருவியைத் தேடுகிற மாதிரி பத்து நிமிஷம் காக்க வைப்பேன். ஆள் தணிந்துவிடுவான்.

முதல் சத்தம் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் வந்தது. வெல்டர் முறை. ஏணி கேட்பதாக ஏற்பாடு. "ஏணி, ஏணி" என்று முணுமுணுத்துக்கொண்டே தாழ்வாரத்தில் நடந்தார். மற்ற மூவரும் மாடிப்படி மறைவில் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து நின்று கேட்டோம். தட்டினார். கதவு திறந்தது. கிரேன்காரர் மூச்சு வாங்க நின்றார். வெல்டருக்கு ஏணி மறந்துவிட்டது.

"உப்பு" என்றார்.

"என்னது?"

"கொஞ்சம் உப்பு."

கிரேன்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"விளக்கு வெச்சாச்சு. வெள்ளிக்கிழமை விளக்கு வெச்ச வீட்டுல வந்து உப்பு கேக்குறீங்களே அண்ணே, நல்லா இருக்கா? உப்பு குடுத்தா லட்சுமி வீட்டை விட்டுப் போயிடும்லா!"

மாதா கோயிலுக்குப் போகிற வீட்டில் வளர்ந்த வெல்டருக்கு இது சத்தியமாகத் தெரியாது. அவருக்கு வெள்ளிக்கிழமை என்றால் இறைச்சி கிடையாது, அவ்வளவுதான். "அப்படியா?" என்று வாயைப் பிளந்தார். கிரேன்காரருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆள் கிடைத்துவிட்டது. உப்பு மட்டுமில்லை, ஊசி கூடாது, தயிர் கூடாது என்று விரல்விட்டு அடுக்கினார். வெல்டர் நிஜமாகவே சந்தேகம் கேட்டார். "சீனி?" சீனி பரவாயில்லை. "மிளகா?" அதைப் பற்றி யோசிக்க வேண்டும். "கடையில அந்த நேரத்துல உப்பு விக்கிறாங்களே, அவங்க லட்சுமி?" கிரேன்காரர் அதற்கு ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து திடீரென்று ஒரு சிரிப்பு கேட்டது. தங்கச்சி சிரித்தாள். அடக்கிப் பார்த்து முடியாமல் உடைந்து வருகிற சிரிப்பு. உப்பு ஜாடியில் இருக்கிற லட்சுமி போய்விடக் கூடாதாம். அடி வாங்கிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறவள் யாராம்? அதை நினைத்துத்தான் சிரித்தேன் அக்கா என்று பிறகு என் மனைவியிடம் சொன்னாளாம். அன்று இரவுச் சாப்பாடு அந்த வீட்டில் சத்தமில்லாமல் முடிந்தது.

வெல்டர் ஒரு கிண்ணம் சீனியோடு திரும்பி வந்தார். மாடிப்படியில் நாங்கள் மூன்று பேரும் குதித்த குதியில் நான்காவது மாடிச் சீனப் பாட்டி வெளியே வந்து திட்டினார். நான் ஓடிப் போய் மனைவியிடம் உள்ளங்கையை நீட்டினேன்.

"அடிக்காதேன்னு சொன்னாரா?"

"சொல்லலை. ஆனா..."

"அப்ப ஸ்டிரைக்கரும் இல்லை."

ஆகவே நாங்கள் மாதக்கணக்கில் சோடா மூடியை வைத்துக் கேரம் ஆடினோம். ஆடிப் பாருங்கள், தெரியும்.

இதில் நாங்கள் யோசிக்காத ஒரு வசதியும் இருந்தது. கிண்ணம் வாங்கினால் அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க நம் பெண்கள் விடுவார்களா? சீனி வந்த கிண்ணத்தில் வெல்டர் மனைவி மீன் கட்லட் வைத்து அனுப்பினார். இட்லித் தட்டு திரும்பும்போது அதில் என் வீட்டு வடை போயிற்று. ஆகச் சத்தத்துக்கு இரண்டு தடவை அந்த வீட்டு வாசலில் ஆள் நின்றது. வாங்க ஒரு தடவை, திருப்பிக் கொடுக்க ஒரு தடவை. தேங்காய்த் துருவி, டார்ச் லைட், குடை, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் எல்லாம் அந்த வீட்டிலிருந்து புறப்பட்டுப் பலகாரத்தோடு திரும்பின. கிரேன்காரருக்கு லேசாகத் தொப்பை விழுந்தது. ஒருநாள் லிஃப்டில் என்னிடம் ரொம்ப அக்கறையாகக் கேட்டார், "ஏன் அண்ணே, நம்ம மாடியில எல்லாருக்கும் அவ்ளோ கஷ்டமா? ஒரு வீட்லயும் ஒரு சாமான் இல்லையே!"

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரையே திருத்திவிட்ட மிதப்பில் நடந்தோம். அப்போதுதான் ஒரு புதன்கிழமை, டியூட்டியில் இருந்த பஸ் ஓட்டுநர் ஓவர்டைம் கிடைத்ததென்று போய்விட்டார். மாற்று ஆள் யாரென்று என் பட்டியலில் நான் போடவில்லை. மறுநாள் தங்கச்சி வீங்கிய கண்ணுக்குமேல் பவுடரை அப்பிக்கொண்டு வேலைக்குப் போனாள். மேற்பார்வையாளர் பார்த்தும் பார்க்காதது போல விட்டு, இதுதான் கடைசி என்றாராம். என் மனைவி எங்களைத் திட்டக்கூட இல்லை. "துருவி வாங்கித் துருவி வாங்கியே அந்தப் பொண்ணுக்குக் கண்ணு போகப்போகுது" என்று மட்டும் சொன்னாள். 

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருக்கும். கடைசி வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம், நாற்காலி விழும் சத்தம், தங்கச்சியின் அலறல். இந்தத் தடவை யார் முறை என்று யாரும் பார்க்கவில்லை. நால்வரும் ஒரே நேரத்தில் ஓடினோம். தபால்காரர் பாதிச் சவரம் செய்த முகத்தோடு வந்தார். நான் தட்டவில்லை, கதவைத் தள்ளினேன்.

தங்கச்சி நாற்காலிமேல் துடைப்பத்தோடு நின்று அலறிக்கொண்டிருந்தாள். கிரேன்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். தொலைக்காட்சிப் பெட்டியின் உச்சியில், பண்டிகைக்காகப் பசார் சந்தையில் உயிரோடு வாங்கிவந்த சேவல், கால் கட்டை அறுத்துக்கொண்டு நின்று எங்களை முறைத்தது.

அடுத்த பத்து நிமிஷத்தை நான் விவரிக்கப்போவதில்லை. எங்களுக்கும் மானம் மரியாதை உண்டு. பஸ் ஓட்டுநரின் கைலி ஜன்னல் கொக்கியில் மாட்டிக்கொண்டதையும், சேவல் என் தலையில் ஒரு முறை இறங்கி ஏறியதையும் மட்டும் சொல்கிறேன். கடைசியில் வெல்டர் பாய்ந்து அதைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எல்லோரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். தங்கச்சி கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். கிரேன்காரரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கேட்டார், "அது சரி, நாலு பேரும் சேர்ந்து எதுக்கு வந்தீங்க?"

"ஏணி" என்றேன் நான்.

"இட்லித் தட்டு" என்றார் தபால்காரர் அதே நொடியில்.

"தெர்மாமீட்டர்" என்றார் பஸ் ஓட்டுநர்.

அவர் சிரிப்பு மெல்ல நின்றது. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். சாமான் கேட்டு நாங்கள் வந்த நாட்களையெல்லாம் அவர் மனம் ஒன்றொன்றாகப் புரட்டுவது முகத்திலேயே தெரிந்தது. "நான் இவளை..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

வெல்டர் பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"ஆமா தம்பி. நீங்க அடிக்கிறீங்கன்னு நெனச்சுத்தான் ஓடி வந்தோம். உப்பு கேட்டதும் அதுக்குத்தான். எங்க வீட்டுல மூணு கிலோ உப்பு இருக்கு. நேராச் சொல்ற தைரியம் இல்லாமத்தான் இத்தனை நாளா பாத்திரம் பாத்திரமா வாங்கிட்டுப் போனோம். இப்ப சொல்றேன். தங்கச்சியை அடிக்காதீங்க. இனிமே ஒரு தடவை கை வெச்சா, நாங்களே போலீசைக் கூட்டிட்டு வருவோம். பார்த்ததை, கேட்டதை, நாலு பேரும் சொல்லுவோம்." கக்கத்தில் இருந்த சேவலை அவர் கையில் கொடுத்தார். "ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு ஆட்டம். கீழ வாங்க."

தங்கச்சி நாற்காலியைவிட்டு இறங்கினாள். "அண்ணன் சொன்னது கேட்டுச்சுல்ல? எனக்கு என் வேலை வேணும். என் கண்ணு எனக்கு வேணும்" என்றாள். குரல் நடுங்கவில்லை. மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் அவள் கை எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

"எல்லாரும் வெளிய போங்க" என்றார் கிரேன்காரர்.

போனோம். எல்லாம் கெட்டது என்றுதான் நினைத்தோம். தாழ்வாரத்தில் என் மனைவி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஸ்டிரைக்கரை எடுத்து வெல்டரின் உள்ளங்கையில் வைத்தாள். அந்தப் பெரிய மனிதர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனார்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை கிரேன்காரர் வரவில்லை. சத்தமும் வரவில்லை. எங்களைக் கண்டால் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்கினார். ஆறாவது ஞாயிறு வந்து, பலகைக்கு எதிரே உட்கார்ந்தார். ஆட்டம் என்றால் அப்படியொரு மோசமான ஆட்டம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவரும் பலகை கோணல் என்று அடம்பிடித்ததில், நாங்கள் ஐந்து பேரும் சிராங்கூன் ரோட்டுக்குப் போய்ப் புதுப் பலகை வாங்கினோம். அங்கிருந்து பூன் லே வரை இரண்டு பஸ் மாறி, பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். புதுப் பலகையிலும் தோற்றார்.

அவர் ஒரே நாளில் மாறிவிட்டார் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு விடுமுறை நாள் உச்சி வெயிலில் அவர் தனியாகக் கீழே நின்று என் வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கத்தினார், "அண்ணே, பலகையைப் போடுங்க!" இறங்கிப் போனேன். இரண்டு கைகளையும் கக்கத்தில் இறுக்கி வைத்திருந்தார். "வந்துட்டேன். கை ஓங்குறதுக்கு முன்னாடியே இறங்கி வந்துட்டேன்" என்றார். மூன்று ஆட்டம் ஆடினோம். மேலே போனவர், அன்று தானே சோறு வடித்தார் என்று தங்கச்சி சொன்னாள். அதற்கு அடுத்த வாரம் என் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "என் பேரு எங்க?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமையை அவருக்குக் கொடுத்தேன்.

எண்பதுகள் பிறந்தன. எங்கள் வெற்றி கட்டடம் கட்டடமாகப் பரவியது. மற்ற மாடிகளில் ஆண்கள் வந்து பட்டியல் கேட்டார்கள். உப்பு கேட்டு வருவது என்றால் என்ன என்று வட்டாரத்துக்கே தெரிந்துவிட்டது. மளிகைக் கடைக்காரர்கூட உப்பை நிறுக்கும்போது ஒரு மாதிரி பார்ப்பார். சிலர் கதவைச் சாத்தினார்கள், சிலர் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள், ஆனாலும் தட்டுகிறவர்கள் தட்டினார்கள். தங்கச்சி அவள் வரிசைக்கே தலைவியாகிப் புதிதாக வரும் பெண்களுக்குக் கம்பி இணைக்கக் கற்றுக் கொடுத்தாள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது.

அந்த நேரத்தில் வட்டாரக் குடியிருப்பாளர் கூட்டத்தில் பேச என்னை அழைத்தார்கள். சனிக்கிழமை கூட்டம். வீட்டில் பெண்களை அடிப்பதை ஆண்களே எப்படித் தடுக்கலாம் என்பதுதான் தலைப்பு. ஆறு தாளில் எழுதினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை பேசிப் பார்த்தேன். பூசை அலமாரியில் விளக்கேற்றிவிட்டு வந்த மனைவி தாள்களை வாங்கிப் படித்தாள். பென்சிலை எடுத்தாள்.

"'அடிக்காதே என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னோம்' - சொன்னது வெல்டர் அண்ணன். 'ஆண்கள் விழித்தெழ வேண்டும் என்ற எண்ணம் என் உள்ளத்தில் உதித்தது' - உங்க உள்ளத்துலயா? நான் ஸ்டிரைக்கரைத் தூக்கிட்டுப் போனப்ப உங்க உள்ளத்துல வேற என்னமோ உதிச்சுது." கோடு கிழித்துக்கொண்டே வந்தாள். கடைசித் தாளில் சிரித்துவிட்டாள். "நீங்க செஞ்சது லிஸ்ட் போட்டதுதாங்க. அதுலயும் புதன்கிழமைக்கு ஆள் போடலை."

அந்தச் சிரிப்பு என்னை எங்கே தொட்டது என்று தெரியவில்லை. கையில் இருந்த காப்பிக் கோப்பை சுவரில் போய் உடைந்தது. "என்னைப் பார்த்தா உனக்குச் சிரிப்பா இருக்கா?" என்று கத்தினேன். அடுத்து என் கை மேலே போனது. அவள் சிரிப்பு நின்று, முகம் ஒரு பக்கமாகத் திரும்பியதைப் பார்த்தேன். பார்த்தும் கை இறங்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. திறந்திருந்த கதவைத்தான் யாரோ தட்டினார்கள். கிரேன்காரர் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தோடு நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் உப்பு இருக்குமா?"

வெள்ளிக்கிழமை. எனக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த விதியை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை, ஆத்திரம். நீயா? எனக்கா? ஊருக்கெல்லாம் பட்டியல் போட்டவன் வீட்டுக்கா? பிறகுதான் என் கை இன்னும் அந்தரத்தில் நிற்பதைக் கவனித்தேன். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டே இறக்கினேன். அவர் வந்து தட்டியிருக்காவிட்டால் அது அவள்மேல் இறங்கியிருக்கும். இறங்கியிருக்காது என்று சொல்ல எனக்கு ஆசைதான். இன்றுவரை முடியவில்லை.

என் மனைவி வந்து அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினாள். எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு கல் உப்பு வெளியே போனதில்லை. உள்ளே போய்க் கிண்ணம் கொள்ளாமல் உப்பை நிரப்பிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவர் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பத்து நிமிஷம் உக்காரணும்லா அண்ணே. நீங்க போட்ட ரூல்."

நான் துடைப்பத்தை எடுத்துக் கோப்பைச் சில்லுகளைக் கூட்டினேன். பத்து நிமிஷம் அவ்வளவு நீளம் என்று அதை வகுத்த எனக்கே அன்றுதான் தெரிந்தது. அவர் போன பிறகு மனைவி சொன்னாள், "கை கீழ வந்துடுச்சு, சரி. மேல போனதை நான் மறக்க மாட்டேன்." மறக்கவும் இல்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை கூட்டத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. வெல்டர், தபால்காரர், பஸ் ஓட்டுநர், கிரேன்காரர், தங்கச்சி, எங்கள் மாடியே முன்வரிசையில் இருந்தது. என் மனைவி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆறு தாளையும் மடித்துச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டேன்.

"நேற்று வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு, ஒருவர் என் வீட்டுக்கு வந்து உப்பு கேட்டார்" என்று ஆரம்பித்தேன்.

விஷயம் தெரியாதவர்கள் சிரித்தார்கள். முன்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி மட்டும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.